தண்டுவடத்தின் துணைச் செல்கள்: வாசகர் கேள்வி – பதில்

கடந்த இதழில் தவளையின் நரம்பு மண்டலம் குறித்து வெளிவந்த கட்டுரையைப் படித்த வாசகர்கள் பலர், நரம்பணுக்களைச் சூழ்ந்திருக்கும் கிளியல் செல்களைப் பற்றி விரிவாக அறிய விரும்பி எழுதியிருந்தார்கள். அக்கடிதங்களிலிருந்து தேர்ந்த ஐந்து கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறோம்.

கேள்வி: ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். நான் விலங்கியல் பயிலும் மாணவி. செய்முறை வகுப்பில் தவளையின் தண்டுவடக் குறுக்குவெட்டை நுண்ணோக்கியில் பார்த்தபோது, நடுவிலுள்ள சிறு துளையைச் சுற்றி உட்கருக்கள் நெருக்கமாக அணிவகுத்திருந்தன. ஆஸ்ட்ரோசைட், ஒலிகோடென்ட்ரோசைட், மைக்ரோகிளியா, எபென்டைமல் செல் எனக் கிளியல் செல்கள் நான்கு வகைப்படும் என்கிறது பாடநூல். தவளைக்கும் இந்த வகைப்பாடு பொருந்துமா?

பதில்: பாதி பொருந்தும். ஒலிகோடென்ட்ரோசைட்டுகள் இருவாழ்விகளிலும் ஆக்சான்களை, அதாவது நரம்பணுக்களின் நீண்ட இழைகளைச் சுற்றி, மைலின் என்னும் கொழுப்பு உறையை அமைக்கின்றன. மைக்ரோகிளியாக்களும் உண்டு, இறந்த செல்களின் எச்சங்களை விழுங்கி அப்புறப்படுத்துவது அங்கும் அவற்றின் வேலையே. இவ்விரு வகைகளைப் பொறுத்தவரை பாடநூலை நீங்கள் அப்படியே ஏற்றுக்கொள்ளலாம்.

சிக்கல் மற்ற இரண்டில்தான் இருக்கிறது. பாலூட்டிகளின் கருவளர்ச்சியில், தண்டுவடத்தின் மையக்குழல் (நீங்கள் பார்த்த சிறு துளை இதுதான்) தொடங்கி வெளிப்பரப்பு வரை நீண்ட ஆரக் கிளியல் செல்கள் சில காலம் இருக்கின்றன. வளர்ச்சி முன்னேற முன்னேற அவை மறைந்து, அவற்றின் வழித்தோன்றல்களில் ஒரு பிரிவு நட்சத்திர வடிவ ஆஸ்ட்ரோசைட்டுகளாகவும், மற்றொரு பிரிவு மையக்குழலை உள்ளிருந்து போர்த்தும் குட்டையான எபென்டைமல் செல்களாகவும் பிரிந்துவிடுகின்றன. இருவாழ்விகளிலோ அந்தக் கருக்கால வடிவம் பெருமளவு வாழ்நாள் முழுவதும் நீடிக்கிறது. ஆகவே பாலூட்டிகளில் இரண்டு செல் வகைகள் பங்கிட்டுக்கொண்ட வேலைகளை, இங்கே பெரும்பாலும் ஒரே செல் செய்கிறது. எபென்டைமோகிளியா, ஆரக் கிளியா என்று ஆய்வாளர்கள் வெவ்வேறு பெயர்களால் அழைப்பது இச்செல்லைத்தான். தனித்து நிற்கும் நட்சத்திர வடிவ ஆஸ்ட்ரோசைட்டுகளை இருவாழ்விகளின் தண்டுவடத்தில் காண்பது அரிது.

இதன் வடிவத்தை மனக்கண்ணில் நிறுத்த, வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களை எண்ணிக்கொள்ளலாம். செல்லின் ஒரு முனை மையக்குழலின் சுவரில் இருக்கிறது; மறுமுனை சாம்பல் நிறப் பகுதியையும் வெண்மைப் பகுதியையும் ஊடுருவிச் சென்று, தண்டுவடத்தின் வெளிப்பரப்பில் பாதம் போல விரிந்து முடிகிறது. அப்பாதங்கள் ஒன்றோடொன்று நெருங்கி அமைந்து, தண்டுவடத்துக்கும் அதை மூடியுள்ள சவ்வுக்கும் இடையே இடைவெளியற்ற எல்லைப் படலம் ஒன்றை உருவாக்குகின்றன. இடையில் நீளமாக ஓடும் ஆக்சான் கற்றைகள், இந்த ஆரங்களுக்கு நடுவேயுள்ள சந்துகளில்தான் செல்கின்றன. இந்தச் சந்துகளை நினைவில் வைத்திருங்கள். மூன்றாம் கேள்வியில் அவை மீண்டும் தேவைப்படும்.

இருவாழ்விகளுக்குள்ளும் ஒரு வேறுபாடு உண்டு. சாலமாண்டர், நியூட் முதலான வாலுள்ள இருவாழ்விகளில் இச்செல்களின் உடற்பகுதி மையக்குழலின் சுவரிலேயே தங்கிவிடுகிறது. வளர்ந்த தவளையில் பல செல்களின் உடற்பகுதி சுவரை விட்டு விலகிச் சாம்பல் நிறப் பகுதிக்குள் இடம்பெயர்ந்திருக்கும். ஆயினும் நீண்ட கிளைகள் முன்போலவே வெளிப்பரப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். நீங்கள் பார்த்த வரிசையிலிருந்து சற்றுத் தள்ளி, சாம்பல் நிறப் பகுதியில் சிதறிக் கிடந்த சிறு உட்கருக்களில் சில இவற்றுக்கு உரியவையாக இருக்கலாம்.

உங்கள் கண்ணாடித் தகட்டில் உட்கருக்கள் மட்டுமே தெரிந்ததற்கும் காரணம் உண்டு. வகுப்புகளில் வழக்கமாகப் பயன்படும் ஹீமடாக்ஸிலின், ஈயோசின் சாயங்கள் உட்கருவை நன்கு காட்டும். செல்லின் நீண்ட கிளையை அக்கம்பக்கத்திலிருந்து பிரித்துக் காட்டா. மேலும் சில மைக்ரோமீட்டர் தடிமனே உள்ள சீவலில், நீண்ட கிளை ஒன்று முழுமையாக அகப்படுவதும் அரிது. 1873-இல் காமில்லோ கால்ஜி வெளியிட்ட வெள்ளி நைட்ரேட் முறை இந்தத் தடையை நீக்கியது. பொட்டாசியம் டைகுரோமேட்டில் ஊறிய திசுவை வெள்ளி நைட்ரேட்டில் இட்டால், ஆயிரக்கணக்கான செல்களுள் ஒரு சில மட்டும் நுனி முதல் அடி வரை கறுத்துவிடுகின்றன. எஞ்சியவை நிறமற்று நிற்பதால், தடித்த சீவலிலும் அந்த ஒரு செல்லின் முழு உருவமும் தெளிவாகத் தெரிகிறது. உங்கள் ஆய்வகத்தில் இம்முறையில் தயாரித்த பழைய தகடு ஏதேனும் இருந்தால், கேட்டு வாங்கிப் பாருங்கள். மையக்குழலிலிருந்து வெளிவிளிம்பு வரை தடையின்றிச் செல்லும் அந்தக் கரிய கோட்டை ஒருமுறை நேரில் கண்டுவிட்டால், பாடநூலின் நால்வகைப் பட்டியலைப் பிறகு வேறு கண்ணோடுதான் படிப்பீர்கள்.

கேள்வி: கிளியல் செல்கள் நரம்பணுக்களைத் தாங்கிப் பிடிக்கும் நிரப்புப் பொருள் மட்டுமே என்று பள்ளியில் படித்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். அவற்றுக்கு மின் செயல்பாடு ஏதும் உண்டா?

பதில்: உண்டு. அதைத் தெளிவாக அளந்து காட்ட உதவியது ஓர் இருவாழ்விதான். ஸ்டீஃபன் கஃப்லர், ஜான் நிக்கல்ஸ், ரிச்சர்ட் ஆர்கண்ட் ஆகிய மூவரும் 1966-இல் வெளியிட்ட ஆய்வுகளில், நெக்டூரஸ் என்னும் வட அமெரிக்கச் சாலமாண்டரின் பார்வை நரம்பை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் ஆராய்ந்தது தண்டுவடத்தை அன்று என்பதைக் குறிப்பிட்டுவிட வேண்டும். எனினும் அங்கே தெரியவந்த அடிப்படை, மைய நரம்பு மண்டலம் முழுவதற்கும் பயன்பட்டது. நுண்ணிய கண்ணாடி மின்முனையைச் செல்லுக்குள் செலுத்தி நிலையாக வைத்திருக்க ஏற்ற அளவில் அதன் கிளியல் செல்கள் பெரியவையாக இருந்தது அவர்களுக்கு வாய்ப்பாக அமைந்தது.

அச்செல்களின் சவ்வு மின்னழுத்தம் ஓய்வு நிலையில் ஏறத்தாழ மைனஸ் 90 மில்லிவோல்ட். வெளியிலுள்ள திரவத்தில் பொட்டாசியம் அயனிகளின் அளவை மாற்றினால், கோட்பாடு கணித்துச் சொல்லும் அளவுக்கே அந்த மின்னழுத்தமும் மாறியது. நரம்பணுவைப் போல அவை மின் தூண்டலைத் தாமாக எழுப்பவில்லை. ஆனால் அருகிலுள்ள ஆக்சான்களில் தூண்டல்கள் பாய்ந்தபோது, கிளியல் செல்லின் மின்னழுத்தம் மைனஸ் 90-இலிருந்து பூச்சியத்தை நோக்கி மெதுவாகக் குறைந்து, பின்னர் மெதுவாகப் பழைய நிலைக்குத் திரும்பியது. தூண்டல்கள் அடுத்தடுத்து வந்தால் குறைவும் கூடியது. ஒவ்வொரு தூண்டலின்போதும் ஆக்சானிலிருந்து சிறிதளவு பொட்டாசியம் வெளியேறுவதே இதற்குக் காரணம். நரம்பணுக்கள் வேலை செய்வதைக் கிளியல் செல்கள் இந்தப் பொட்டாசியத்தின் வழியே உணர்கின்றன. அவை ஒன்றோடொன்று இடைவெளிச் சந்திப்புகள் என்னும் நுண்துளை இணைப்புகளால் இணைந்திருப்பதால், ஓரிடத்தில் தேங்கும் பொட்டாசியத்தை வேறிடங்களுக்குப் பரப்பி விடவும் அவற்றால் இயலும். அப்படிப் பரப்பாவிடில், ஓயாது இயங்கும் நரம்பணுக்களைச் சுற்றிப் பொட்டாசியம் தேங்கி, அவற்றின் தூண்டல்களே குலைந்துபோகும். நிரப்புப் பொருள் என்ற சொல்லை இனி விட்டுவிடலாம் என்றே கருதுகிறேன்.

கேள்வி: சாலமாண்டரின் வால் அறுந்தால் தண்டுவடத்தோடு சேர்ந்தே மீண்டும் வளரும் என்கிறார்கள். அறுபட்ட நரம்பணுக்கள் பிளவுற்றுப் பெருகுவதில்லை என்றும் படித்திருக்கிறேன். அவ்வாறாயின் புதிய தண்டுவடம் எதிலிருந்து வருகிறது?

பதில்: வந்த கடிதங்களிலேயே கூர்மையான கேள்வி இதுதான். இத்தாலிய இயற்கை ஆய்வாளர் லாசரோ ஸ்பல்லன்சானி, சாலமாண்டரின் வாலும் கால்களும் மீண்டும் வளர்வதை 1768-இலேயே பதிவு செய்தார். புதிய தண்டுவடம் எதிலிருந்து வருகிறது என்பதற்கு உறுதியான விடை கிடைக்க இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. முதல் கேள்வியில் பார்த்த ஆரக் கிளியல் செல்களே அதன் விதை.

மெக்சிகோவின் சோச்சிமில்கோ ஏரிப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட ஆக்ஸலாட்டல் என்னும் சாலமாண்டரில் இது மிக நுணுக்கமாக ஆராயப்பட்டிருக்கிறது. வால் வெட்டுண்டதும் காயத்தின் மீது தோல் விரைவில் பரவி மூடிக்கொள்கிறது. வெட்டு முனையில் திறந்து கிடந்த மையக்குழலின் சுவர்ச் செல்களும் ஒன்றுகூடி அதன் வாயை அடைத்து, ஒரு சிறு குமிழியை உண்டாக்குகின்றன. அக்குமிழியும் அதை ஒட்டிய குழலும் பின்னோக்கி நீளத் தொடங்குகின்றன. முதலில் உருவாவது நரம்பணுக்கள் ஏறக்குறைய இல்லாத வெற்றுக் குழல். அதன் சுவர் முழுவதும் எபென்டைமோகிளியல் செல்களே. அந்தச் சுவரிலிருந்து பிறகுதான் புதிய நரம்பணுக்கள் பிறக்கின்றன.

எவ்வளவு தொலைவிலுள்ள செல்கள் இப்பணிக்கு வருகின்றன என்பதும் அளக்கப்பட்டிருக்கிறது: வெட்டு முனையிலிருந்து ஏறத்தாழ 500 மைக்ரோமீட்டருக்குள், அதாவது அரை மில்லிமீட்டருக்குள் இருப்பவையே புதிய குழலின் பெரும்பகுதியைத் தருகின்றன. காயமில்லாத விலங்கில் இச்செல்களில் ஒன்று ஒருமுறை பிளவுறும் சுழற்சியை முடிக்க ஏறத்தாழ 14 நாள்கள் ஆகும். வால் வெட்டுண்ட சில நாள்களில் அதுவே ஏறத்தாழ 5 நாள்களாகச் சுருங்கிவிடுகிறது. 2015-இல் வெளியான இந்த அளவீட்டைப் பார்க்கும்போது, தண்டுவடம் நீள்வதற்குப் புதிய மாயப் பொருள் எதுவும் தேவைப்படவில்லை என்பதும், ஏற்கெனவே இருக்கும் செல்கள் கருக்காலத்து வேகத்துக்குத் திரும்புவதே பெரும்பங்கு வகிக்கிறது என்பதும் தெளிவாகின்றன.

இதில் என்னை மிகவும் வியக்க வைப்பது வேறொன்று. அந்த வெற்றுக் குழலின் சுவர் எங்கும் ஒரே தன்மையுடையதாக இருப்பதில்லை. முதுகுப் பக்கச் செல்களில் பாக்ஸ்-7 மரபணுவும், பக்கவாட்டில் பாக்ஸ்-6 மரபணுவும், வயிற்றுப் பக்கத்தில் சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்னும் சமிக்ஞைப் புரதமும் செயல்படுகின்றன. கருவில் தண்டுவடம் உருவானபோது எது முதுகு, எது வயிறு என்று குறித்த அதே அடையாளங்கள், வளர்ந்த விலங்கின் கிளியல் செல்களில் அழியாமல் காக்கப்பட்டிருக்கின்றன. அந்தச் சோனிக் ஹெட்ஜ்ஹாக் சமிக்ஞையை மருந்தால் தடுத்தால் தண்டுவடத்தின் அமைப்பு குலைவதோடு, புதிய வாலில் குருத்தெலும்பும் உருவாவதில்லை. வால் வளர்ச்சியே தடைப்படுகிறது. ஆக, தண்டுவடத்தின் கிளியல் செல்கள் தமக்கான திசுவை மட்டுமல்லாமல், தம்மைச் சுற்றி எழும் வாலையும் வழிநடத்துகின்றன.

நரம்பணுக்கள் பிறந்துவிட்டால் மட்டும் போதாது. ஆக்சான்கள் சரியான வழியில் ஓட வேண்டும். இங்கேதான் முன்பு சொன்ன சந்துகள் வருகின்றன. மார்கரெட் ஈகரும் மார்கஸ் சிங்கரும் 1972-இல் நியூட்டின் வாலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்து, ஆக்சான்கள் வந்து சேர்வதற்கு முன்பே எபென்டைமல் செல்களின் கிளைகளுக்கு இடையே நீளவாட்டில் கால்வாய் போன்ற இடைவெளிகள் அமைந்துவிடுவதைக் காட்டினார்கள். ஆக்சான்கள் அந்தக் கால்வாய்களுக்குள் புகுந்து நீள்கின்றன. பாதை முதலில், பயணி பிறகு.

வாலை வெட்டாமல் தண்டுவடத்தை மட்டும் இடையில் துண்டித்தாலும் ஆக்ஸலாட்டல் மீண்டுவிடுகிறது. ஆனால் அங்கே நடப்பது சற்று மாறுபட்டது. இரு முனைகளிலும் உள்ள எபென்டைமல் செல்கள் சுவராக நிற்பதை விட்டுவிட்டுத் தளர்ந்து, தனித்தனியே நகரும் செல்களாக மாறி இடைவெளியை நிரப்புகின்றன. நிரப்பிய பின் மறுபடியும் ஒழுங்காக அணிவகுத்துக் குழலை இணைக்கின்றன.

கேள்வி: தலைப்பிரட்டைக்கு இந்த ஆற்றல் உண்டு, தவளைக்கு இல்லை என்பது உண்மையா? ஒரே விலங்கில் இது எப்படி மறையும்?

பதில்: உண்மை. ஆப்பிரிக்க நகத்தவளையான ஜீனோபஸில் இதை நன்கு காணலாம். அதன் தலைப்பிரட்டையில் தண்டுவடத்தைத் துண்டித்தால், மையக்குழலை ஒட்டியுள்ள சாக்ஸ்-2 புரதம் கொண்ட செல்கள் விரைந்து பெருகி இடைவெளியை மூடுகின்றன. சில வாரங்களில் தலைப்பிரட்டை மீண்டும் நீந்துகிறது. வளர் உருமாற்றம் முடிந்து குட்டித் தவளையாகிவிட்டால், அதே காயத்துக்கு அச்செல்கள் காட்டும் எதிர்வினை வலுவற்றதாகிவிடுகிறது, முனைகள் இணைவதில்லை.

உருமாற்றத்தை இயக்குவது தைராய்டு ஹார்மோன். குதிரையின் தைராய்டு சுரப்பியைத் தலைப்பிரட்டைகளுக்கு உணவாகக் கொடுத்தால் அவை உரிய காலத்துக்கு முன்பே தவளையாக மாறிவிடுவதை ஃப்ரீட்ரிக் குடர்நாட்ச் 1912-இல் வெளியிட்டார். இந்த ஹார்மோன் வாலைக் கரைத்துக் கால்களை வளர்ப்பதோடு, நரம்பு மண்டலத்தையும் நோய் எதிர்ப்பு மண்டலத்தையும் திருத்தியமைக்கிறது. நீந்துவதற்கு வாலை அசைத்த தண்டுவடம், இனி நான்கு கால்களை இயக்க வேண்டும். அத்தகைய மாற்றத்தினூடே கிளியல் செல்களும் தம் இளமைத் தன்மையை இழக்கின்றன.

எனினும் உருமாற்றத்தின் மீது மட்டும் பழியைப் போட்டுவிட முடியாது. நியூட்டும் உருமாற்றம் அடையும் விலங்குதான். வளர்ந்த நியூட் தன் தண்டுவடத்தைச் சீராக்கிக்கொள்கிறது. ஆகவே தவளைக் குலத்தின் கிளியல் செல்களில் உருமாற்றம் எதை அணைக்கிறது, நியூட்டில் எதை விட்டுவைக்கிறது என்றே கேட்க வேண்டும். ஆற்றலைப் பெற்றிருந்த பருவத்தையும் இழந்த பருவத்தையும் ஒரே விலங்கில் அருகருகே வைத்து ஒப்பிட முடிவதால், இந்த ஆராய்ச்சியில் தவளையின் மதிப்பு ஆக்ஸலாட்டலுக்குக் குறைந்ததன்று.

கேள்வி: என் தம்பிக்கு விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டது. சாலமாண்டரிடம் இருக்கும் செல் நம்மிடம் இல்லையா? இருந்தால் அதைத் தூண்டிவிட முடியாதா?

பதில்: உங்கள் தம்பியின் உடல்நலத்துக்காக மனமார விழைகிறேன். ஆறுதலுக்காக மிகைப்படுத்திச் சொல்லாமல், இருப்பதை இருக்கும்படியே சொல்கிறேன்.

நம் தண்டுவடத்திலும் எபென்டைமல் செல்கள் உண்டு. ஆனால் வளர்ந்த மனிதர்களில் பெரும்பாலோருக்கு மையக்குழல் பல இடங்களில் அடைபட்டுப் போயிருக்கிறது. செல்களும் ஒழுங்கான வரிசையில் இருப்பதில்லை. எலிகளில் தண்டுவடக் காயத்துக்குப் பின் எபென்டைமல் செல்கள் பெருகத்தான் செய்கின்றன. ஆனால் அவற்றிலிருந்து பெரும்பாலும் ஆஸ்ட்ரோசைட்டுகளே உருவாகின்றன, புதிய நரம்பணுக்கள் உருவாவதில்லை. அந்த ஆஸ்ட்ரோசைட்டுகள் காயத்தைச் சுற்றித் தழும்பாக இறுகுகின்றன.

ஏன் ஒன்று தழும்பாகிறது, மற்றொன்று குழலாகிறது? இதற்கு ஒரு மூலக்கூறு விடை 2019-இல் கிடைத்தது. காயம் பட்டதும் பாலூட்டி, ஆக்ஸலாட்டல் ஆகிய இரண்டின் கிளியல் செல்களிலும் சி-ஃபாஸ் என்னும் புரதம் எழுகிறது. பாலூட்டிகளில் அது சி-ஜூன் என்னும் புரதத்துடன் இணைந்து, தழும்புக்கு இட்டுச்செல்லும் மரபணுக்களை இயக்குகிறது. ஆக்ஸலாட்டலில் ஒரு நுண் ஆர்.என்.ஏ. (புரதம் உருவாவதை அடக்கும் சிறு மூலக்கூறு) சி-ஜூனைக் கட்டுப்படுத்தி வைத்திருப்பதால், சி-ஃபாஸ் ஜூன்-பி என்னும் வேறொரு புரதத்துடன் இணைகிறது. ஆய்வாளர்கள் ஆக்ஸலாட்டலின் கிளியல் செல்களில் சி-ஃபாஸையும் சி-ஜூனையும் வலிந்து மிகச் செய்தபோது, ஆக்சான்கள் மீண்டும் வளர்வதில் தடங்கல் ஏற்பட்டது.

அப்படியானால் தழும்பை நீக்கிவிட்டால் போதுமே என்று தோன்றும். நானும் இக்கேள்வியைப் பலரிடமிருந்து கேட்டிருக்கிறேன். 2016-இல் எலிகளில் ஆஸ்ட்ரோசைட் தழும்பு உருவாவதைத் தடுத்துப் பார்த்தபோது ஆக்சான்கள் கூடுதலாக வளரவில்லை. தழும்பு ஆக்சான் வளர்ச்சிக்கு ஓரளவு துணையும் செய்கிறது என்றே அந்த ஆய்வு காட்டியது. சுற்றியுள்ள நல்ல திசுவுக்கு அழற்சி பரவாமல் தடுக்கும் வேலையும் தழும்புக்கு உண்டு. எனவே அதை அகற்றுவது தீர்வாகாது. அச்செல்கள் வேறு வழியில் எதிர்வினை புரியுமாறு செய்ய வேண்டும், அதற்கான முறை மனிதரில் இன்னும் கைகூடவில்லை.

இருவாழ்விகளின் கிளியல் செல் ஆய்விலிருந்து நேரடியாகப் பிறந்த சிகிச்சை எதுவும் இன்று நோயாளிகளுக்கு வழங்கும் நிலையில் இல்லை. ஸ்டெம் செல் செலுத்தித் தண்டுவடத்தை வளர்த்துவிடுவதாகப் பெரும் பணம் கேட்டு யாரேனும் அணுகினால், தம்பியின் சிகிச்சையைக் கவனித்துவரும் நரம்பியல் மருத்துவரிடம் கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். முறையாகப் பதிவு செய்யப்பட்ட மருத்துவ ஆய்வாக இருந்தால், அதன் பதிவு எண்ணைக் கேட்டுச் சரிபார்க்க முடியும். இடைவிடாத இயன்முறைப் பயிற்சி, படுக்கைப் புண் வராமல் உடலைத் திருப்பிப் படுக்கவைத்தல், சிறுநீர்ப்பைப் பராமரிப்பு ஆகிய மூன்றையும் ஒருநாளும் விட்டுவிடாதீர்கள். புதிய சிகிச்சை எது வந்தாலும், அதைத் தாங்கும் நிலையில் தம்பியின் உடல் இருக்க வேண்டும்.